பத்தில் ஒரு விநாடி பிழையில் கை நழுவப் பார்த்த 300 மைல் வேகம்! மால்கம் கேம்பெலும் கடிகாரமும்: வேக சாதனைகளை எப்படி அளக்கிறார்கள்?

1935 செப்டம்பர் 3. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பான்வில் உப்புவெளி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெளேர்னு உப்பு. அந்த உப்பின் மேல் நீல நிறத்தில் ஒரு ராட்சத கார். அதை ஓட்டியவருக்கு வயது 50. பெயர் சர் மால்கம் கேம்பெல்.

அன்றைக்கு அவருக்கு இருந்தது ஒரே ஒரு இலக்கு. மணிக்கு 300 மைல் வேகத்தைத் தாண்டணும். கிலோமீட்டரில் சொன்னால் மணிக்கு சுமார் 483 கி.மீ. அதுவரை உலகத்தில் எந்தக் காரும் அதிகாரபூர்வமாக அந்த வேகத்தைத் தொட்டது கிடையாது.

உயிரைப் பணயம் வைத்து ரெண்டு முறை ஓட்டி முடித்தார். அதிகாரிகள் கணக்குப் போட்டு முடிவை அறிவித்தார்கள். மணிக்கு 299.875 மைல். வெறும் கால் மைலுக்கும் குறைவான வித்தியாசத்தில் 300 போச்சு.

ஆனால், அந்தக் கணக்கே தப்பு! சில மணி நேரம் கழித்துத்தான் அது தெரிய வந்தது. பிழை எவ்வளவு தெரியுமா? பத்தில் ஒரு விநாடி.

கேம்பெலின் சாதனைகளில் கடிகாரம் குறுக்கே வந்து நின்றது இது முதல் முறை இல்லை. அவர் வாழ்க்கையைப் பார்த்தால், வேக சாதனையை எப்படி அளக்கிறார்கள், ஏன் அவ்வளவு கறாராக அளக்கிறார்கள் என்பது தானாகவே புரிந்துவிடும்.

யார் இந்த மால்கம் கேம்பெல்?

1885 மார்ச் 11ஆம் தேதி இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள சிசில்ஹர்ஸ்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வைர வியாபாரி. மகனும் அதே தொழிலுக்கு வரட்டும் என்று ஜெர்மனிக்கு அனுப்பி வைத்தார். மகன் அங்கே வைரத்தைக் கற்றுக்கொண்டதைவிட மோட்டார் சைக்கிள் மீது வளர்த்துக்கொண்ட ஆசைதான் அதிகம்.

ஊர் திரும்பியதும் லண்டனின் புகழ்பெற்ற லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆரம்பத்தில் சம்பளமே கிடையாது. வேலை ஒரு பக்கம், பந்தயம் இன்னொரு பக்கம். 1906 முதல் 1908 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் போட்டியில் ஜெயித்தார்.

1910ல் பிரூக்லேண்ட்ஸ் பந்தயத் தளத்தில் கார் ஓட்ட ஆரம்பித்தார். லண்டன் ஹேமார்க்கெட் தியேட்டரில் அப்போது மெட்டர்லிங்க் எழுதிய 'நீலப் பறவை' நாடகம் நடந்துகொண்டிருந்தது. அதில் மனம் பறிகொடுத்தவர், தன் காருக்கு நீல பெயின்ட் அடித்து 'ப்ளூ பேர்ட்' என்று பெயர் வைத்தார். அதுக்கப்புறம் அவர் சாதனைக்காக ஓட்டிய கார்களுக்கும் படகுகளுக்கும் அதே பெயர்தான்.

முதல் உலகப் போர் வந்தது. ராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் தகவல் கொண்டுபோகும் வேலை. பிறகு விமானப் படையில் விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஓட்டிச் செல்லும் பைலட். போர் முடிந்ததும் மறுபடியும் பந்தயம். இந்த முறை அவர் கண் வைத்தது சாதாரணப் பந்தயத்தின் மேல் இல்லை. உலகத்திலேயே வேகமான மனிதன் என்ற பட்டத்தின் மேல்.

வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நில வேக சாதனை என்பது கார் எட்டிய உச்ச வேகம் கிடையாது. ஸ்பீடோமீட்டர் முள் எதைக் காட்டியது என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

வண்டிக்குள் இருக்கும் மீட்டர் காட்டுவது சக்கரம் சுழலும் வேகத்தை. ஈர மணலிலோ உப்பிலோ சக்கரம் பிடிமானம் இல்லாமல் வெறுமனே சுழன்றால், மீட்டர் ஒரு வேகம் காட்டும், கார் ஓடுவது இன்னொரு வேகமாக இருக்கும். அதனால் அதை நம்ப முடியாது.

நம்பக்கூடியது ரெண்டே ரெண்டுதான். ஒன்று, துல்லியமாக அளந்து குறித்த தூரம். இன்னொன்று, அந்தத் தூரத்தைக் கடக்க ஆன நேரம்.

நிலத்தில் ஒரு மைல், அதாவது 1.609 கி.மீ., அல்லது ஒரு கிலோமீட்டர் தூரத்தை அளந்து இரண்டு முனையிலும் கோடு போடுவார்கள். கார் அந்தக் கோட்டில் நின்று புறப்படக் கூடாது என்றில்லை; ஆனால் அப்படிப் புறப்பட்டால் அது வேறு வகை சாதனை. இங்கே பல மைல் முன்னாலேயே கிளம்பி, வேகம் பிடித்து, முழு ஓட்டத்தில் முதல் கோட்டைக் கடக்கும். அப்போது கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவது கோட்டைக் கடந்ததும் நிற்கும்.

அதோடு முடிந்ததா? இல்லை. அதே பாதையில் எதிர்த் திசையிலும் ஓட்டணும். ஒரு பக்கம் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளலாம். தரை லேசாகச் சரிந்திருக்கலாம். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், அதே சரிவு ஏற்றமாகும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் காற்றின் உதவி பெரும்பாலும் கழிந்துவிடும். முதல் உலகப் போருக்கு முன்பே வந்த விதி இது.

இரண்டு ஓட்டமும் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பது இன்னொரு விதி. அந்த இடைவெளியில் காரை நிறுத்தி, டயர் மாற்றி, திருப்பி, மறுபடி கிளம்பணும்.

கடைசியாக, நேரத்தைக் குறிக்கும் கருவியும் அதை இயக்குபவர்களும் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். கேம்பெல் முதலில் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான்.

ஸ்டாப்வாட்ச்சால் போன முதல் சாதனை

1922 மே மாதம். கெனெல்ம் லீ கின்னஸ் என்ற பந்தய வீரர், சன்பீம் நிறுவனத்தின் 350 குதிரைத் திறன் காரில் மணிக்கு 133.75 மைல் (215 கி.மீ.) வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்தார்.

அடுத்த மாதமே கேம்பெல் அதே காரை இரவல் வாங்கினார். இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள சால்ட்பர்ன் மணல்வெளிக்குக் கொண்டுபோனார். கின்னஸைவிட வேகமாக ஓட்டியும் காட்டினார். சாதனை கிடைக்கவில்லை. காரணம், நேரத்தைக் கணக்கிட்டது கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச்சில்.

ஸ்டாப்வாட்ச்சில் என்ன பிரச்னை? கண்ணால் பார்த்து விரலால் அழுத்த மனிதனுக்கு விநாடியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். ஆளுக்கு ஆள், தடவைக்குத் தடவை அது மாறும். அந்த வேகத்தில் ஒரு மைலைக் கடக்க ஆகும் நேரமே 27 விநாடிதான். அதில் 0.2 விநாடி முன்பின் ஆனால், வேகக் கணக்கில் மணிக்கு ஒரு மைல் மாறிவிடும். மணிக்கு 300 மைல் வேகத்தில் அதே 0.2 விநாடி, 5 மைல் வித்தியாசத்தைக் காட்டும். ஒரு சாதனையையே உருவாக்கவும் அழிக்கவும் அது போதும்.

அதனால்தான் மின்சாரக் கருவிகள் வந்தன. தரையில் குறுக்கே பட்டையோ கம்பியோ போட்டிருப்பார்கள். டயர் அதை மிதித்ததும் மின் தொடர்பு ஏற்பட்டு, கருவி அந்தக் கணத்தைப் பதிவு செய்யும். நடுவில் மனித விரலுக்கு வேலையே இல்லை. பிரூக்லேண்ட்ஸில் 1909லேயே மின்சாரக் கருவியை வைத்து உலக சாதனையை அளந்திருந்தார்கள்.

டென்மார்க்கில் மீண்டும் அதே கதை

கேம்பெல் விடுவதாக இல்லை. அந்த சன்பீம் காரையே சொந்தமாக வாங்கி, நீல பெயின்ட் அடித்து, ப்ளூ பேர்ட் ஆக்கினார். 1923ல் டென்மார்க்கின் ஃபானோ தீவுக் கடற்கரைக்குக் கப்பலில் ஏற்றிப் போனார்.

அங்கே மணிக்கு 137.72 மைல் (சுமார் 222 கி.மீ.). இந்த முறை சாதனை உறுதி என்று நினைத்திருந்த நேரத்தில் மறுபடியும் அடி. அங்கே பயன்படுத்திய நேரக் கருவிக்குச் சர்வதேச அமைப்பின் அங்கீகாரம் இல்லை. இன்றைய எஃப்.ஐ.ஏ.வின் முன்னோடியான அந்த அமைப்பு, சாதனையை ஏற்க மறுத்துவிட்டது.

இரண்டு வருஷம், இரண்டு நாட்டுக் கடற்கரை, இரண்டு முறையும் சாதனையை மிஞ்சிய வேகம். ஆனால் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. கார் மேல் குறையில்லை, ஓட்டியவர் மேலும் குறையில்லை. அளந்த விதம்தான் காரணம்.

1924ல் மறுபடி ஃபானோ. இந்த முறை நடந்தது, சாதனையைப் பற்றி யாரும் பேச முடியாத துயரம். மக்கள் பாதைக்கு மிக அருகில் நிற்கிறார்கள், தள்ளி நிறுத்துங்கள் என்று கேம்பெல் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முழு வேகத்தில் ஓடும்போது ஒரு டயர் கழன்று கூட்டத்துக்குள் பறந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஒரு சிறுவன் இறந்துபோனான்.

ஒருவழியாகக் கைக்கு வந்த சாதனை

அதே ஆண்டு செப்டம்பர் 25. இடம் வேல்ஸ் பகுதியின் பென்டைன் கடற்கரை. அலை பின்வாங்கியதும் மைல் கணக்கில் தட்டையான, இறுகிய மணல் கிடைக்கும் இடம் அது. இந்த முறை நேரக் கணக்கில் எந்தக் குறையும் இல்லை. மணிக்கு 146.16 மைல் (235 கி.மீ.). மால்கம் கேம்பெலின் முதல் அதிகாரபூர்வ உலக சாதனை.

1925 ஜூலையில் அதே பென்டைனில் 150 மைலைத் தாண்டினார். அந்த எல்லையைக் கடந்த முதல் மனிதர் அவர்தான். மணிக்கு 150.76 மைல்.

ஆனால் சாதனைகள் நிலைப்பது இல்லையே. ஹென்றி சீக்ரேவ், பாரி தாமஸ் என்று போட்டியாளர்கள் வரிசையாக வந்தார்கள். 1926ல் பாரி தாமஸ் அதே பென்டைன் மணலில் 'பேப்ஸ்' என்ற காரில் 171 மைலுக்குக் கொண்டுபோய்விட்டார்.

1927 பிப்ரவரி 4. கேம்பெல் நேப்பியர் விமான எஞ்சின் பொருத்திய புதிய ப்ளூ பேர்டில் 174.22 மைல் (280 கி.மீ.) ஓட்டி, சாதனையைத் திரும்பப் பிடித்தார். இரண்டு சாதனைகளுக்கும் நடுவில் ஒரு மைலுக்கு எவ்வளவு நேர வித்தியாசம் தெரியுமா? அரை விநாடிகூட இல்லை.

அந்த அரை விநாடியை மீட்க, ஒரு மாதத்துக்குள் பாரி தாமஸ் திரும்ப வந்தார். 1927 மார்ச் 3 அன்று பென்டைன் மணலில் 'பேப்ஸ்' கவிழ்ந்து அவர் இறந்தார்.

உயிர்களைக் கேட்ட போட்டி

அதே மார்ச் மாதக் கடைசியில் சீக்ரேவ் அமெரிக்காவின் டேடோனா கடற்கரையில் 200 மைலைத் தாண்டினார். மணிக்கு 203.79 மைல். பென்டைன் மணல் இனி போதாது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ஏன்? வேகம் கூடக் கூட, அளக்கும் அந்த ஒரு மைல் மாறாது. ஆனால் அதற்கு முன்னால் வேகம் பிடிக்கவும், பிறகு நிறுத்தவும் தேவைப்படும் தூரம் நீண்டுகொண்டே போகும். பாதை போதவில்லை என்றால் முழு வேகம் வருவதற்குள் அளவுக்கோடு வந்துவிடும்.

கேம்பெலும் டேடோனாவுக்குப் போனார். 1928 பிப்ரவரியில் 206.956 மைல் (333 கி.மீ.). இரண்டே மாதத்தில் அமெரிக்கர் ரே கீச் 207.55 மைல் ஓட்டி அதைப் பறித்தார். வித்தியாசம் ஒரு மைல்கூட இல்லை. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய விதிப்படி பழைய சாதனையைக் குறைந்தது 1 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். ரே கீச்சின் ஓட்டம் இன்றைக்கு நடந்திருந்தால் செல்லாது!

1928 ஏப்ரலில் அமெரிக்க வீரர் ஃபிராங்க் லாக்ஹார்ட் டேடோனாவில் இறந்தார். 1929 மார்ச்சில் சீக்ரேவ் 231 மைல் ஓட்டிய இரண்டு நாளில், அதை முறியடிக்க முயன்ற லீ பைபிள் இறந்தார். படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கேமராமேனும் அவரோடு பலியானார். 1930 ஜூனில் விண்டர்மியர் ஏரியில் படகு சாதனை முயற்சியில் சீக்ரேவும் போய்ச் சேர்ந்தார்.

கூட ஓடியவர்கள் ஒவ்வொருவராக மறைய, கேம்பெல் மட்டும் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

1931ல் 246 மைல். அந்த ஆண்டு பிரிட்டன் அரசு அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தது. 1932ல் 253.97 மைல். 1933ல் ரோல்ஸ் ராய்ஸ் விமான எஞ்சினோடு 272.46 மைல். எல்லாமே டேடோனாவில்தான்.

1935 மார்ச்சில் 300ஐத் தொட்டே தீருவது என்று மறுபடி டேடோனாவுக்கு வந்தார். கிடைத்தது 276.82 மைல். எஞ்சினில் சக்தி இருந்தது. ஆனால் சக்கரங்கள் அந்தச் சக்தியை முழுசாக மணலுக்குக் கடத்த முடியாமல் சுழன்றன. மணலும் மேடு பள்ளமாக இருந்தது. கடற்கரையை விட்டுவிட்டு உப்புவெளிக்குப் போவது என்று முடிவெடுத்தார்.

அந்த 12 விநாடி

மணிக்கு 300 மைல் என்பதற்கு எளிமையான கணக்கு ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் 3,600 விநாடி. 3,600ஐ 300ஆல் வகுத்தால் 12. அதாவது, ஒரு மைலைச் சரியாக 12 விநாடியில் கடந்தால் 300. கேம்பெலுக்குத் தேவை, இரண்டு ஓட்டத்தின் சராசரி 12 விநாடிக்குக் கீழே வருவது. அவ்வளவுதான்.

1935 செப்டம்பர் 3 காலை, பான்வில்லில் முதல் ஓட்டம். காற்றின் தடையைக் குறைக்க, காரின் மூக்கில் இருக்கும் காற்றுத் திறப்பை அளவுக்கோட்டுக்கு முன்னால் மூடினார். உடனே எண்ணெய்ப் படலம் முன் கண்ணாடியில் படிந்து, எதிரே பாதை மங்கியது. ஓட்ட முடிவில் முன் டயர் ஒன்று வெடித்தது. எப்படியோ காரை நிறுத்தினார்.

அந்த மைலுக்கு ஆன நேரம் 11.83 விநாடி. வேகம் மணிக்கு 304.311 மைல்.

மணி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய நீண்டகால மெக்கானிக் லியோ வில்லாவும் குழுவும் அவசர அவசரமாக டயர்களை மாற்றினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி ஓடியாகணும். இல்லையென்றால் முதல் ஓட்டம் வீண். சற்று முன் டயர் வெடித்த அதே காரில் ஏறி, அதே பாதையில் எதிர்த் திசையில் கிளம்பினார். ஓட்டத்தை முடித்தார்.

பிறகு வந்தது அந்த அறிவிப்பு. 299.875 மைல்.

டேடோனாவின் பழைய சாதனையைவிட அது எவ்வளவோ அதிகம். உலக சாதனை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் 300 இல்லை. கேம்பெல் மறுநாள் மறுபடி ஓட்டுவது என்று முடிவு செய்தார். அதாவது, மறுபடியும் அதே எண்ணெய்ப் படலம், அதே டயர் ஆபத்து, எல்லாவற்றையும் சந்திக்கத் தயாரானார்.

சில மணி நேரம் கழித்துத்தான் நேரக் கணக்கில் பிழை இருந்தது என்ற செய்தி வந்தது. திருத்திய முடிவு, மணிக்கு 301.129 மைல். கிலோமீட்டரில் 484.62. 300 மைலைத் தாண்டிய முதல் மனிதர் மால்கம் கேம்பெல்!

பிழை எங்கே நடந்தது?

எண்களை வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

முதல் ஓட்டம்: 11.83 விநாடி.

இரண்டாவது ஓட்டம், முதலில் கணக்கிட்டபடி: 12.18 விநாடி. சராசரி 12.005. வேகம் 299.875 மைல்.

இரண்டாவது ஓட்டம், திருத்தியபடி: 12.08 விநாடி. சராசரி 11.955. வேகம் 301.129 மைல்.

12.18க்கும் 12.08க்கும் நடுவில் இருப்பது பத்தில் ஒரு விநாடி. கண் ஒரு தடவை இமைக்க ஆகும் நேரம்கூட அதைவிட அதிகமாக இருக்கலாம். தப்பான கணக்கின்படி அவர் 300ஐத் தவறவிட்டது வெறும் 0.005 விநாடியில்!

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கு. சராசரி எடுப்பது இரண்டு வேகங்களுக்கு இல்லை, இரண்டு நேரங்களுக்கு. 304.311, 298.013 என்ற இரண்டு வேகங்களைக் கூட்டிப் பாதியாக்கினால் 301.162 வரும். ஆனால் பதிவானது 301.129.

இது ஏன் என்று புரிய ஒரு சின்ன உதாரணம். 120 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஊருக்கு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். 2 மணி நேரம். திரும்பும்போது மணிக்கு 40 கி.மீ. வேகம். 3 மணி நேரம். சராசரி 50ன்னு சொல்லத் தோன்றும். ஆனால் 240 கி.மீ. போக 5 மணி நேரம் ஆகியிருக்கிறது. அப்போ உண்மையான சராசரி 48தான். மெதுவாகப் போகும்போது அதிக நேரம் செலவாகிறது, அதனால் சராசரியை அது கீழே இழுக்கும். வேக சாதனையிலும் இதே கணக்குதான். இரண்டு ஓட்டமும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் இருந்தால் இழப்பு குறைவு. ஒரு ஓட்டத்தில் பறந்துவிட்டு இன்னொன்றில் சொதப்பினால் கணக்கு மன்னிக்காது.

கேம்பெலுக்கு இதில் ஒரு வருத்தமும் இருந்தது. காரை விட்டு இறங்கும்போதே கொண்டாட வேண்டிய வெற்றி, ஏமாற்றமாக வந்து, பிறகு திருத்தமாக வந்தது. இருந்தாலும் அன்றோடு நிலத்தில் சாதனை முயற்சிகளை நிறுத்திக்கொண்டார். 1924 முதல் 1935 வரை மொத்தம் 9 நில வேக சாதனைகள்.

வெள்ளை உப்பில் காணாமல் போன கார்

கருவி மாறினால் பிரச்னையும் மாறும் என்பதற்கு, கேம்பெலுக்கு அடுத்து வந்த ஜார்ஜ் ஐஸ்டனின் கதையே சாட்சி.

1938ல் பான்வில்லில் ஒளிக்கற்றையை வைத்து நேரத்தைக் கணக்கிட்டார்கள். பாதைக்குக் குறுக்கே ஒளி பாயும். கார் அதை மறைக்கும்போது கருவி நேரத்தைக் குறிக்கும். ஐஸ்டனின் 'தண்டர்போல்ட்' காரின் உடல், பளபளக்கும் அலுமினியம். வெள்ளை உப்பு, பளபளக்கும் கார், மேலே சுட்டெரிக்கும் வெயில். ஒரு ஓட்டத்தில் கார் கடந்துபோனதையே கருவி கவனிக்கவில்லை! உலகத்திலேயே வேகமான கார், கருவியின் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிப் போய்விட்டது. சாதனை போச்சு.

தீர்வு ரொம்ப எளிமையானது. காரின் பக்கவாட்டில் கறுப்பு பெயின்ட் அடித்தார்கள். சில நாளில் மறுபடி ஓட்டி, மணிக்கு 345.50 மைல் என்று புதிய சாதனை படைத்தார் ஐஸ்டன்.

தண்ணீரிலும் அதே விதி

நிலத்தை விட்ட கேம்பெல் தண்ணீருக்குப் போனார். 1937 முதல் 1939 வரை படகில் 4 உலக சாதனைகள். கடைசி சாதனை, 1939 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில். மணிக்கு 141.74 மைல் (228 கி.மீ.). சில நாள்களில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது.

போருக்குப் பிறகு ஜெட் எஞ்சின் பொருத்திய படகில் மறுபடி முயன்றார். சரிவரவில்லை. உடலும் ஒத்துழைக்கவில்லை. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு 1948 டிசம்பர் 31 அன்று தன் 63வது வயதில் வீட்டில் காலமானார். வேக சாதனைக்காக வாழ்ந்தவர்களில் படுக்கையில் இயற்கையாக இறந்த சிலரில் அவரும் ஒருவர்.

மகனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1935ல் பான்வில் உப்புவெளியில் அப்பாவின் ஓட்டத்தை 14 வயதுப் பையனாக நேரில் பார்த்தவர் டொனால்ட் கேம்பெல். அப்பா இறந்ததும் அவரும் இறங்கினார். அவருக்கும் மெக்கானிக் அதே லியோ வில்லாதான். 1964ல் ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரியில் காரில் 403.10 மைல், அதே ஆண்டின் கடைசி நாளில் படகில் 276.33 மைல். ஒரே ஆண்டில் நிலம், நீர் இரண்டிலும் உலக சாதனை படைத்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

1967 ஜனவரி 4. அப்பா கடைசி சாதனை படைத்த அதே கோனிஸ்டன் ஏரி. முதல் ஓட்டத்தில் 300 மைலுக்கு அருகே வந்த டொனால்ட், திரும்பும் ஓட்டத்தில் வேகத்தை இன்னும் கூட்டினார். படகு நீரை விட்டு எழும்பி, கவிழ்ந்து சிதறியது. அவர் உயிர் பிழைக்கவில்லை. இரண்டாவது ஓட்டம் முடியாததால் அன்றைய வேகம் எந்தப் பதிவேட்டிலும் சாதனையாக ஏறவில்லை.

இன்றைக்கு எப்படி?

இன்றைய நில வேக சாதனை, பிரிட்டனின் ஆண்டி கிரீன் 1997 அக்டோபர் 15ல் அமெரிக்காவின் பிளாக் ராக் பாலைவனத்தில் படைத்தது. 'த்ரஸ்ட் எஸ்.எஸ்.சி.' என்ற ஜெட் காரில் மணிக்கு 1,227.985 கி.மீ. ஒலியைவிட வேகம்.

இரண்டு நாள் முன்னாடியே, அக்டோபர் 13ல், அதே கார் இரண்டு திசையிலும் ஒலி வேகத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் இரண்டாவது ஓட்டம் ஒரு மணி நேரக் கெடுவைத் தாண்டி ஏறக்குறைய ஒரு நிமிஷம் தாமதமாக முடிந்தது. அதனால் அது சாதனை இல்லை! குழு மறுபடி எல்லாவற்றையும் தயார் செய்து, அக்டோபர் 15ல் திரும்ப ஓட்டியது.

அளந்த ஒரு மைல், எதிரெதிர் திசையில் இரண்டு ஓட்டம், ஒரு மணி நேரம், அங்கீகரித்த கடிகாரம். கேம்பெல் காலத்து விதி இன்றும் அப்படியேதான் இருக்கு. 1922ல் சால்ட்பர்னில் அவரை வெறும் கையோடு அனுப்பியதும் இந்தக் கறார்தான். 1935ல் அதிகாரிகள் தாங்களே அறிவித்த முடிவைத் திரும்பச் சரிபார்த்து, அவருக்குச் சேர வேண்டிய அந்தப் பத்தில் ஒரு விநாடியைக் கொடுத்ததும் அதே கறார்தான்.